குழிக்குள் இறங்காத வலைப்பக்கம்

இந்தப் பொதுக்குழுவுக்குத் தலைமையேற்று, நான் எழுந்ததுமே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்ட தலைவர் அண்ணன் அவர்களே! தீர்மானத்தைத் தட்டச்சு செய்து தயாராக வைத்திருக்கும் செயலாளர் தம்பி அவர்களே! முன்வரிசையை முந்திப் பிடித்துவிட்ட மூத்த மெக்கானிக்குகளே! வேலைக்குப் போனவர் வீடு திரும்பும்வரை வாசலில் ஒரு கண்ணும் அடுப்பில் ஒரு கண்ணுமாக இருக்கும் தாய்மார்களே! "இந்தக்கா ஆரம்பிச்சா நிறுத்தாது" என்று பின்னால் முணுமுணுக்கும் தம்பிகளே, காதில் விழுந்தது! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நாம் யார்? ஊரை ஏற்றி இறக்குகிற லிஃப்டுகளைப் பழுது பார்ப்பவர்கள். ஆயிரம் பேர் மேலே போவதற்காக அடியிலே நிற்பவர்கள். நமக்கு இணையத்தில் ஒரு விவாதக் குழு உண்டு. ஒருவர் சந்தேகம் கேட்பார், ஒன்பது பேர் பதில் சொல்வார்கள், பத்தாவது ஆள் சண்டைக்கு வருவார். சிரிக்காதீர்கள், அந்தப் பத்தாவது ஆள் இந்த மேடையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் குழுவுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று வலைப்பக்கம். இணையத்தில் திறந்து, அங்கேயே படித்து, அங்கேயே எழுத வேண்டும். இன்னொன்று தனி மென்பொருள். அது குழுவின் கடிதங்களை நம் போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளும். சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்கலாம், எழுதி வைக்கலாம். வெளிச்சத்துக்கு வந்ததும் தானாக அனுப்பிவிடும்.

இன்றைய தீர்மானம் என்ன? இரண்டாவது வாசலை இழுத்து மூடுவது! போன மாதம் வெள்ளோட்டமாக மூடியதை இன்னும் திறக்கவில்லை, ஒரு புகாரும் வரவில்லையாம். எப்படி ஐயா வரும்? புகார் எழுதுவதற்கும் அந்த வலைப்பக்கத்துக்குத்தானே போக வேண்டும்!

வலைப்பக்கத்தை நான் பழிக்க வரவில்லை. புதிதாகச் சேருகிறவருக்கு அதுதான் எளிது. படம் பார்க்க, பழைய பேச்சைத் தேடிப் பிடிக்க, நானும் அங்கேதான் போகிறேன். ஆனால் நாம் நாள் முழுவதும் எங்கே நிற்கிறோம்? ஏசி அறையிலா? சோபாவிலா? சுற்றிலும் கான்கிரீட், காலடியில் கிரீஸ், தலைக்கு மேலே தொங்கும் லிஃப்ட். அந்தக் குழிக்குள் சிக்னல் இறங்குமா? நாம் இறங்குகிறோம், அது இறங்காது!

இப்போது ஒரு சம்பவம் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் இதே மண்டபத்தில் இருக்கிறார்கள். இருவரின் சம்மதமும் வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

நம் 'தந்தி' அண்ணனைத் தெரியாதவர் உண்டா? ஒரு திருகாணியைப் பற்றிக் கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவார். அதனால்தான் கேலியாக அந்தப் பெயர். வெள்ளோட்டம் நடந்த அந்த மாதத்தில் என் தங்கை குழுவில் ஒரு கேள்வி கேட்டாள். அவளும் மெக்கானிக்தான். ஒரு பழைய மாடல் மெஷினில் பிரேக் ஸ்பிரிங் மாற்ற வேண்டும், எப்படி?

மேலேயே அந்தக் கேள்வியைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணன் ஒரு குழிக்குள் இறங்கியிருந்தார். மென்பொருள் வாசல் மூடியிருந்ததால், கட்டைவிரலாலேயே வலைப்பக்கத்தில் தம் வழக்கப்படி நீளமாக, நிதானமாக எழுதினார். 'அனுப்பு' என்று அழுத்தினார். வட்டம் சுற்றியது. சுற்றியது, சுற்றியது, "மீண்டும் உள்நுழையவும்" என்று வந்து நின்றது. எழுதியதில் ஓர் எழுத்துக்கூட மிச்சமில்லை.

உங்களுக்கு இது நடந்ததே இல்லையா? நடந்தபோது என்ன செய்தீர்கள்? அதையேதான் அவரும் செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறி வந்து, நான்கே வரியில் திரும்ப எழுதினார். இரண்டாம் முறை எழுதுகிற கைக்குப் பொறுமை ஏது?

அந்த நான்கு வரியில் விட்டுப்போனது ஒன்று. "இந்த மாடல்ல ஒரு பக்க ஸ்பிரிங்கைத் தளர்த்தினாலே மொத்த பிரேக்கும் விட்டுடும்மா, முதல்ல எதிர்எடைக்குக் கீழ முட்டுக் கொடு." அது முதல் கடிதத்தில் இருந்தது.

என்ன அண்ணே, அவளுக்கு முட்டுக் கொடுப்பது தெரியாதா என்கிறீர்களா? தெரியும். ஆனால் மற்ற மெஷின்களில் ஒரு பக்கம் தளர்ந்தால் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். அங்கே ஒரு பக்க ஸ்பிரிங்குக்காக நீங்கள் என்றைக்காவது முட்டுக் கொடுத்ததுண்டா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

என் தங்கை தளர்த்தினாள். கயிற்றின் மறுமுனையில் லிஃப்டுக்கு ஈடாகத் தொங்கும் எதிர்எடை இறங்கியது, சக்கரம் சுழன்றது, கயிறு அவள் கையுறையைப் பிடித்து இழுத்தது. வலது கையில் இரண்டு விரல் இனி முழுதாக மடங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரிக்கு வந்த அண்ணன், கட்டிலருகே நின்று, "இனிமே நான் எதுவும் எழுத மாட்டேம்மா" என்றார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க எழுதாம விட்டா அடுத்தவன் யார்கிட்டண்ணே கேப்பான்? எழுதினது அழியாத இடத்துல எழுதுங்க." அவர் தலையை ஆட்டினாரே தவிர, அன்றிலிருந்து இன்றுவரை குழுவில் ஒரு சொல் எழுதவில்லை. எழுதினது அழியாத இடத்தைத்தான் நாம் மூடி வைத்திருக்கிறோமே!

தோழர்களே, வாசல் எது வசதி என்பதா இங்கே வழக்கு? வலைப்பக்கம் வேண்டுபவர் வலைப்பக்கத்தில் வரட்டும்! மென்பொருள் வேண்டுபவர் மென்பொருளில் வரட்டும்! மேசையில் இருப்பவருக்கு மேசை வழி, குழியில் இருப்பவருக்குக் குழி வழி! குழியில் நிற்பவன் குரலை அடைத்துவிட்டுக் குழு எதற்கு?

"ரெண்டையும் யாருக்கா பாத்துக்கறது? நான் ஒரு ஆளு" என்று செயலாளர் தம்பி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ராப்பகலாக உழைக்கிற பிள்ளை. இந்த மேடையிலேயே பதில் சொல்கிறேன்: நான் பார்த்துக்கொள்கிறேன் தம்பி. எனக்குத் தெரியாது, கற்றுக்கொடு. தப்பாகச் செய்தால் திட்டு. செய்யாமல் மட்டும் விடமாட்டேன்.

தீர்மானம் வேண்டாம், இரண்டு வாசலும் திறந்திருக்கட்டும் என்பவர்கள் கை உயர்த்துங்கள்!

அதோ, முதல் கை. கட்டுப் போட்ட கை. உட்காரம்மா, வலிக்கப்போகிறது. அவளுக்குப் பின்னால் யார், தந்தி அண்ணனா? அவர் பக்கத்தில்... ஏன், மொத்த வரிசையுமே எழுந்துவிட்டதே! தலைவர் அண்ணே, இப்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், கைகளைப் பாருங்கள்!

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும், முணுமுணுத்தபடியே கை தூக்கிய தம்பிகளுக்கும் என் நன்றி, வணக்கம். தந்தி அண்ணே, இனி அந்த வாசல் திறந்தே இருக்கும். என் தங்கை கேட்ட கேள்விக்கு அந்த முதல் பதிலை முழுதாக எழுதுங்கள்.