கண்ணத் தொறந்துக்கிட்டே ஜெபம்

...கடிச்சது நீ, ஊசி எனக்கு! இது என்ன நியாயம், சொல்லு பாப்பா? சொல்ல வேணாம், சும்மா பேச்சுக்குக் கேட்டேன். உன் பக்கத்துல உக்காரலாமா? வேணாமா... சரி சரி, ரெண்டு படி கீழயே உக்காந்துக்கறேன். சர்ச் படி எல்லாமே ஒண்ணுதான், என் முட்டிக்கு எதுல உக்காந்தாலும் வலிக்கத்தான் போகுது.

அந்த நர்சு இருக்காளே, விரலப் பாத்துட்டு, "எந்த நாய்ம்மா? தெருநாயா, வீட்டு நாயா?"ன்னு கேக்குறா. "நாயில்லம்மா, சண்டே க்ளாஸ்"னேன். ஊசியக் கீழ போட்டுட்டுச் சிரிக்குறா! அப்புறம் புது ஊசி எடுத்துக் குத்துனா... நீ சிரிச்சியா இப்ப? இல்லியா? சரி, எனக்குத்தான் அப்படித் தோணிருக்கும்.

அதோட விட்டாங்களா? பாஸ்டர் எங்கிருந்தோ ஒரு கவுன்சிலர் அம்மாவக் கூட்டிட்டு வந்துட்டாரு. ரெண்டு சனிக்கிழமை, எங்க எல்லாருக்கும் க்ளாஸ்! பதினெட்டு வருஷமா க்ளாஸ் எடுக்கறவளுக்கே க்ளாஸ்! அதுவும் உங்க குட்டி நாற்காலில. எங்ககூட க்ளாஸ் எடுக்கற டெய்லர் அண்ணன் எழுந்திரிச்சா நாற்காலியும் கூடவே எழுந்திரிக்குது. பயந்துபோன பிள்ளைங்களுக்கு நம்ம சர்ச் பயமில்லாத எடமா இருக்கணுமாம். கேக்காமத் தொடக்கூடாதாம். பின்னால வந்து நிக்கக்கூடாதாம். கன்னத்தக் கிள்ளக்கூடாதாம்! எங்கள்ல பாதிப் பேருக்கு அதான் வேலையே, அன்னைக்கே போச்சு.

அப்புறம்... ஜெபத்துல கண்ண மூடுன்னு வற்புறுத்தக்கூடாதாம். நான் விடுவேனா? "பிள்ளைங்க கண்ணத் தொறந்து வச்சிக்கிட்டா ஜெபம் பண்ணும்?"னு எழுந்திரிச்சுக் கேட்டேன். அந்தம்மா நிதானமா, "தொறந்திருக்குன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"ங்குறா. அவ்வளவுதான். டெய்லர் அண்ணன் சிரிச்ச சிரிப்புல நாற்காலிக் காலே கழண்டு போச்சு.

ஆமா... நீ கடிச்ச அன்னைக்கு ஜெபத்துல நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எல்லாப் பிள்ளைங்களும் கண்ண மூடியிருந்துச்சு, நீ மட்டும் முழிச்சிக்கிட்டு இருந்த. பின்னாடி வந்து ரெண்டு கையாலயும் உன் கண்ணப் பொத்துனேன். விளையாட்டுக்குன்னு உன் பெரியம்மாகிட்ட சொன்னேன். பொய். கோவத்துலதான் பொத்துனேன். எங்கிட்டயான்னு ஒரு வீம்பு.

முன்னாடி உன் கண்ண யாரு பொத்துனாங்க, என்ன பண்ணாங்க... எனக்குத் தெரியாது. கேக்கவும் மாட்டேன். ஆனா நீ கத்துன கத்து இன்னும் என் காதுலயே இருக்கு. நாலு வாரமா இந்தப் படியிலயே உக்காந்திருக்க. உன்ன எடுத்து வளக்கற பெரியம்மாவும் உள்ள போகாம வாசல் கேட்டுப் பக்கத்துல நின்னுதான் பாட்டுக் கேக்குறா. எல்லாம் என்னால. தப்பு உன் மேல இல்ல தங்கம், கடிச்சதுகூடத் தப்பில்ல. என்ன மன்னிச்சிக்கோ. மனசு வரலைன்னா விடு, மன்னிக்காமலே உள்ள வரலாம். எடம் இருக்கு.

வந்தீன்னா, ஜெபத்துல நீ முழிச்சே இரு. யாரு யாரு தூங்குறாங்கன்னு பாத்து எனக்கு மட்டும் சொல்லு. மொத ஆளு பாஸ்டரோட மாமனார்தான், வேணா எழுதியே தரேன்...

ஏய், ஏன் எந்திரிச்சிட்ட? ரொம்பப் பேசிட்டேனா? வாசல் கேட்டு அந்தப் பக்கம்ல இருக்கு, நீ... ஐயோ ஆண்டவரே. உள்ளயா போற? போ போ, நான் பின்னால வரல, இங்கயே இருக்கேன். கடைசி பெஞ்சா? உக்காந்துட்டியா? எனக்குப் பாரு, கண்ணு கலங்குது, அசடு மாதிரி.

டெய்லர் அண்ணே! அண்ணே! கதவுல கை வைக்காதீங்க! தொறந்தே கெடக்கட்டும்! தூசி வந்தா வரட்டும், நான் பெருக்கிக்கறேன்!