ஈசானிய மூலையில் ஒரு சதுரம்

புது நெல்லுச் சோறு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை, வயிற்றைக் கட்டிவிடும். நீங்கள் சென்னைக்காரர், உங்களுக்கு இது தெரிந்திருக்காது. நான் வேதாரண்யத்துக்கு மேற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமத்தில் பிறந்தவன். விவசாயம் தெரியாதவன் செய்த காரியம் என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். தெரிந்துதான் செய்தேன்.

பயிர்க் காப்பீட்டு நிறுவனத்தில் அரசாங்கத்தோடு பேசுவதுதான் என் வேலை. எங்கள் தாய் நிறுவனம்தான் அரசாங்கத்தின் கடன் பத்திரங்களை வாங்குகிறது. ஒரு மாதம் வாங்காமல் கைகட்டி உட்கார்ந்தால் சம்பளம் போட வழியில்லாமல் செயலாளர்கள் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். நாங்கள் பூசாரிக்குப் படியளக்கிற இடத்தில் இருந்தோம். அமைச்சர்களைப் பார்த்து எனக்குப் பரிதாபமாகத்தான் இருக்கும்.

ஒரு கிராமத்தில் மகசூல் குறைந்தால் அந்தக் கிராமம் முழுவதற்கும் நாங்கள் இழப்பீடு தரவேண்டும். மகசூலைக் கண்டுபிடிக்க, அறுவடைக்கு முன்பு குலுக்கலில் ஒரு வயலை எடுப்பார்கள். அந்த வயலுக்குள் எங்கேயாவது ஒரு சதுரம் அளந்து, அறுத்து, நெல்லை எடை போடுவார்கள். அந்த ‘எங்கேயாவது’தான் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் பக்கத்து வயல்களில் வடகிழக்கு மூலை, அதாவது ஈசானிய மூலை, சாமிக்கு உரியது. முதல் நாற்றை அங்கேதான் நடுவார்கள். தை மாதத்தில் வாசலில் கட்டுகிற முதல் கதிரை, புதிரை, அங்கேதான் எடுப்பார்கள். எருவும் அங்கே ஒரு கை கூடுதலாக விழும். ஆகவே சதுரத்தை இனி அந்த மூலையிலேயே அளக்கவேண்டும், விவசாயிகளின் மரபை மதிக்கவேண்டும் என்று ஓர் ஆணையை எங்கள் அலுவலகத்தில் எழுதினோம். கையெழுத்துக்கு மட்டும் அரசாங்கத்துக்கு அனுப்பினோம்.

அனுராதா என்ற வேளாண்மை அதிகாரிதான் முரண்டு பிடித்தார். “நல்லா விளையுற எடத்தையே அறுத்துப் பாத்தா நஷ்டம் எப்படி சார் தெரியும்?” என்றார். நியாயமான கேள்வி. அடுத்த கடன் பத்திர ஏலம் எப்போது என்று அவருடைய துறைச் செயலாளரிடம் விசாரித்தேன். அனுராதா மீன்வளத் துறைக்கு மாற்றப்பட்டார். கடற்காற்று உடம்புக்கு நல்லதுதானே.

விவசாயிகளோ கை தட்டினார்கள். கோயில் மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். “அரசாங்கத்துக்கே நம்ம சாமி மூலையப் புரிய வச்சுட்டீங்க தம்பி,” என்று என் பெரியப்பா மகன் பஞ்சநதம் அண்ணன் கண்கலங்கினார். வெட்டுகிற கத்திக்குப் பொட்டு வைக்கிற ஜனங்கள். எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது.

மறு வருடம் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. மழையும் ஏமாற்றியது. சம்பா கதிர் பிடிக்கும் நேரத்தில் கருகிப்போனது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் வயல்களைச் சுற்றிப் பார்த்தேன். ஈசானிய மூலைகள்கூடக் காய்ந்து கிடந்தன. இப்படிப்பட்ட வறட்சியை எங்கள் ஆணை எதிர்பார்த்திருக்கவில்லை. எந்த வயலை அறுத்தாலும் பதர்தான் வரும், ஊர் முழுவதற்கும் நாங்கள் இழப்பீடு கொடுக்கவேண்டி வரும். அதைப் பார்த்துப் பக்கத்து ஊர்களும் கேட்கும்.

பஞ்சநதம் அண்ணன் வயலில் மட்டும் ஈசானிய மூலை கருகாமல் கதிரோடு நின்றது. அண்ணன் மனைவி நாகம்மாள் கோயில் குளத்திலிருந்து தினமும் குடத்தில் சுமந்து ஊற்றியிருந்தார். தோளில் காய்ப்புக் காய்த்திருந்தது.

“பாத்தீங்களா தம்பி, வயலே போனாலும் சாமி மூலைய நான் விடல. புதிருக்கு நாலு கதிர் வேணும்ல?” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். கதிர் நன்றாக முற்றியிருக்கிறது என்று நானும் பாராட்டினேன். அன்றைக்கு அவர் எனக்கு வடை, பாயசத்தோடு இலை போட்டார்.

குலுக்கலில் பஞ்சநதம் வயல் வந்தது. சதுரத்தை அளந்தார்கள், அறுத்தார்கள், எடை போட்டார்கள். கிராமத்தில் விளைச்சல் அமோகம் என்று முடிவானது. ஒருவருக்கும் இழப்பீடு இல்லை.

ஊர் எங்களைத் திட்டவில்லை. கம்பெனிக்கு முகம் கிடையாது, குடம் சுமந்தவளுக்கு உண்டு. ஊரைக் கெடுத்தவள் என்று நாகம்மாளைக் குளத்துப் படித்துறையில் இறங்க விடவில்லை. அண்ணனோடு யாரும் பேசவில்லை. தேநீர்க் கடையில்கூட பெஞ்சை விட்டு எழுந்து போனார்கள். மாசி முடிவதற்குள் அண்ணன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பாடையைத் தூக்க ஊரில் ஆள் வரவில்லை. நான் வந்தேன். ஒரு பக்கம் நான்தான் தோள் கொடுத்தேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குலுக்கலைப் பற்றி மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். குலுக்கல் நடத்துகிற கணினியும் எங்களுடையதுதான். பஞ்சநதம் வயல் தானாக வரவில்லை, நான் வரவைத்தேன். அந்த ஊரிலேயே ஈரமாக இருந்த மூலை எது என்று எங்கள் நிறுவனத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நாகம்மாள் இலை போட்டபோதே முடிவு செய்துவிட்டேன். சாப்பாடு நன்றாக இருந்தது.

இதில் கொலை எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. சட்டப்படி அளந்தோம். தண்ணீர் ஊற்றச் சொன்னது நானில்லை.

காரியம் முடிந்து நான் கிளம்பும்போது நாகம்மாள் வெளியே வந்தார். வாசல் நிலையில் கட்டியிருந்த புதிரை அவிழ்த்து என் கையில் வைத்தார். “இது எங்க வீட்டுக்கு ஆவாது. உங்க வாசல்ல கட்டிக்குங்க. உங்க புள்ள குட்டி தெனம் இதப் பாத்துகிட்டே போவட்டும்,” என்றார். குரலில் அழுகையே இல்லை.

சென்னை வீட்டு வாசலில் கட்டியிருக்கிறேன். நீங்கள் வந்தபோது பார்த்திருப்பீர்கள். என் மனைவிக்குத்தான் ஏனோ அது பிடிக்கவில்லை; கழற்றச் சொல்லி அழுகிறாள். வெறுப்பு இருந்தால் யாராவது வீட்டுப் புதிரை எடுத்துக் கொடுப்பார்களா, நீங்களே சொல்லுங்கள்.