மேற்கு மரத்தில் கட்டிய துணி

புல்தரையில் நாற்காலி போடுவதற்கு முன் அதன் நான்கு கால்களுக்கும் அடியில் பலகைத் துண்டு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் கால்கள் மண்ணில் இறங்கும்; வேர் நசுங்கும்; அந்த இடம் ஆறு வாரத்துக்கு வழுக்கையாகத் தெரியும். பூங்காப் பாதுகாப்புக் குழுவின் இருபத்தெட்டு உறுப்பினர்களில் இதை நினைவில் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கதை சொல்பவளின் நாற்காலியை நானே போட்டேன். அந்த நாற்காலியை அங்கே போட்டது யார் என்று விசாரணையில் எவரும் கேட்கவில்லை.

ஐயா, உங்கள் விசாரணை அறிக்கை நேற்றுக் கிடைத்தது. இருமுறை படித்தேன். சந்திப் பிழைகளைப் பென்சிலால் திருத்தி இத்துடன் இணைத்திருக்கிறேன், அவை முக்கியமல்ல. பொருட்பிழைகள் இரண்டு உள்ளன. முதலாவது, ஒன்பதாம் பக்கத்தில் ‘குழு பின்பற்றும் துணி கட்டும் முறை நம்பத்தகாதது’ என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தொரு ஆண்டுகளாகச் செயலாளராக இருந்து நான் வகுத்து நடத்திவரும் முறை அது. ஒருமுறைகூடத் தவறியதில்லை. அன்றும் தவறவில்லை. அதை விளக்குவது என் கடமை.

எங்கள் பூங்கா நூற்று நாற்பது ஆண்டுப் பழமையுடையது. நடுவில் வட்டப் புல்தரை. அதன் கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வொரு தூங்குமூஞ்சி மரம். இரண்டும் ஒரே நாளில் நடப்பட்டவை. மாதம் ஒருமுறை, மரமேறி என்று நாங்கள் அழைக்கும் மரம் வெட்டும் தொழிலாளி வந்து எல்லா மரங்களையும் பார்ப்பார். எந்த மரத்திலாவது கிளை விழும் நிலையில் இருந்தால், அதன் அடிமரத்தில் மார்பளவு உயரத்தில் சிவப்புத் துணி கட்டுவார். நான் அதைச் சுற்று ஏட்டில் பதிவேன். துணியைக் கண்டதும் தோட்டக்காரர் அந்த மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவார். மழையில் துணி நனைந்தால் அவிழ்த்து உலர்த்தி மீண்டும் கட்டுவதும் அவர் பொறுப்பு. அந்தக் கிளையை வெட்டும்வரை கயிற்றுக்குள் எவரும் போகமாட்டார்கள். இவ்வளவுதான் முறை.

இது எளிமையாக இருப்பதற்குக் காரணம், இதில் எவரும் மேலே நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை என்பதே. தொடக்கத்தில் தோட்டக்காரர் துணியில்லாத மரங்களைப் பற்றியும் தம் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு கருத்திருந்தால் ஒழுங்கு நிற்காது. “துணியைப் பாருங்க, மரத்தைப் பார்க்காதீங்க” என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் நல்ல மனிதர், கற்றுக்கொண்டார்.

இனி என் தம்பி மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மேல் எனக்கு எந்தப் பகையும் இருந்ததில்லை. என் தம்பிக்கு அவளைப் பார்த்துப் பேசி முடித்தவளே நான். மூன்று ஆண்டுகளுக்கு முன் குழுவில் சேர்ந்தாள். ஞாயிறு நான்கு மணிக்கு மேற்கு மரத்தடியில் குழந்தைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கினாள். முதலில் எட்டுப் பேர் வந்தார்கள். பிறகு எண்பது பேர். ஊரே அவளைக் கதையக்கா என்று அழைத்தது. கதைக்குப் பின் பாட்டு, பாட்டுக்குப் பின் பந்து. ‘புல்லின் மேல் நடக்கலாகாது’ என்ற பலகைகளை எடுத்துவிட வேண்டும் என்று கூட்டத்தில் ஒருநாள் அவள் கேட்டபோது இருபத்தேழு கைகள் உயர்ந்தன. அந்தப் பலகைகளின் எழுத்துக்களை நான் என் கையால் தீட்டியிருந்தேன்.

அதற்கடுத்த மாதம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். என் தம்பியும் உடன் வந்தான். மேசையில் பழங்களை வைத்தாள். பழம் கொண்டுவருகிறவர்கள் எதையோ எடுத்துப்போக வருகிறார்கள் என்பது என் அனுபவம்.

“அண்ணி, நீங்க எவ்வளவு நாளைக்குத்தான் ஓடியாடிட்டு இருப்பீங்க? அடுத்த தேர்தல்ல செயலாளர் வேலைய நான் எடுத்துக்கறேன். நீங்க கௌரவத் தலைவரா இருங்க” என்றாள்.

“ஆமாக்கா, முட்டி வலிக்குதுன்னு நீதானே சொன்ன? இனிமே அவளே பாத்துக்கட்டும்” என்றான் தம்பி.

“அல்லிக்குளத்துப் பக்கத்துல ஒரு பெஞ்சு போட்டு, உங்க பேரப் பலகையில எழுதி வைக்கப் போறோம் அண்ணி. எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க.”

பெயர்ப்பலகை வைத்த பெஞ்சுகள் எங்கள் பூங்காவில் பதினான்கு உள்ளன. பதினான்கும் இறந்தவர்களுடையவை. அதை அவள் அறிந்திருக்கவில்லை, அல்லது யோசிக்கவில்லை. நான் நன்றி சொன்னேன். பழங்களை நறுக்கி இருவருக்கும் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, மரமேறி வந்தார். தோட்டக்காரர் அன்று விடுப்பில் இருந்தார். கிழக்கு மரத்திலிருந்து இறங்கியவர் கைகளைத் தட்டிவிட்டு அதன் அடிமரத்தில் துணியைக் கட்டினார்.

“மரத்துக்குச் சட்டை மாட்டியாச்சும்மா. புல்தரைப் பக்கமா நீண்டிருக்கே, அந்தப் பெரிய கொப்புதான். மேலாப்புல விரிசல். கீழ இருந்து பாத்தா தெரியாது.”

“காற்றடித்தால் விழுமோ?”

“அதான் இல்ல. காத்துல இது சாது மாதிரி நிக்கும். மழை பெஞ்சு வெயில் அடிச்சு, ஒரு இலைகூட அசையாத மத்தியானத்துல பொசுக்குனு போட்டுரும். சாது மிரண்டா காடு கொள்ளாதுன்னு சும்மாவா சொன்னாங்க? செவ்வாக்கெழம வந்து வெட்டிர்றேம்மா.”

செவ்வாய்க்கிழமை வேண்டாம், நிகழ்ச்சிகள் நெருக்கமாக இருக்கின்றன, அடுத்த மாதம் முறையாகக் கடிதம் அனுப்புகிறேன் என்றேன். கயிறு கட்டினால் போதும்தானே என்று கேட்டேன். “கயிறு கட்டி ஆள் போகாம பாத்துக்கிட்டீங்கன்னா சரிதான்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

சுற்று ஏட்டைத் திறந்து ‘கிழக்கு மரம்: துணி கட்டப்பட்டது’ என்று பதிந்தேன். ஏட்டில் பொய் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. நீங்களும் பார்த்தீர்கள், அங்கே கிழக்கு என்றே இருந்தது. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சென்று, துணியை அவிழ்த்து, வட்டப் புல்தரையைச் சுற்றி நடந்து, மேற்கு மரத்தில் கட்டினேன். புல்லை மிதிக்கவில்லை. மரமேறியின் முடிச்சு எளிதானது. அன்று மாலை மழை பெய்தது.

மறுநாள் காலை தோட்டக்காரர் நனைந்த துணியை அவிழ்த்து வேலியில் உலர்த்தி, மீண்டும் மேற்கு மரத்திலேயே கட்டிக் கயிறும் இழுத்தார். பிறகு என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

“அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கென்னமோ கெழக்கு மரத்துக் கொப்புதான் கொஞ்சம் தணிஞ்சாப்ல தெரியுது.”

“துணி எங்க இருக்கு?”

“மேக்கால.”

“கயிறு?”

“அதுவும் மேக்காலதாம்மா.”

“பிறகென்ன?”

அவர் சிரித்துவிட்டார். “பிறகென்ன, ஒண்ணுமில்லம்மா” என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிறு மூன்றரை மணிக்கு என் தம்பி மனைவி குழந்தைகளோடு வந்தாள். மேற்கு மரத்தில் துணியைக் கண்டதும் நின்றாள். அவள் எத்தனையோ ஒழுங்குகளைக் கலைத்தவள். ஆனால் இந்த ஒன்றை மதித்தாள் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

“செவப்புத் துணி இருந்தா என்ன பண்ணணும்?” என்று குழந்தைகளைக் கேட்டாள்.

“கிட்டப் போகக் கூடாது!” என்று எண்பது குரல்கள்.

“அப்ப நாம எங்க போறோம்?”

“கிழக்க!”

என்னைப் பார்த்துக் கையசைத்தாள். “அண்ணி, நாற்காலிய அந்தப் பக்கம் போட்டுருங்களேன், உங்க பலகைய வச்சு. இல்லன்னா என்னத் திட்டுவீங்க!”

கிளையின் நிழலை நண்பகலிலேயே அளந்திருந்தேன். நாற்காலியின் நான்கு பலகைத் துண்டுகளும் கிளையின் நடுப்பகுதிக்கு நேர் கீழே இருந்தன. குழந்தைகளின் பாய்களை நாற்காலியிலிருந்து பதினைந்தடி தள்ளி, நிழலுக்கு முற்றிலும் வெளியே, அரைவட்டமாக விரித்தேன். “அவ்வளவு தூரமா அண்ணி? தொண்ட கிழிஞ்சிடும்” என்றாள். கதை சொல்பவரைச் சுற்றிக் கூட்டம் நெருக்கக்கூடாது என்று விளக்கினேன். நான் கொடியவள் அல்லள் என்பதற்கு அந்தப் பதினைந்தடியே சான்று.

அந்த ஞாயிறு ஒன்றும் நடக்கவில்லை. அல்லிக்குளத்துப் பக்கம் அமர்ந்து, பிளாஸ்கில் கொண்டுவந்த தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரண்டாம் ஞாயிறு காற்று பலமாக வீசியது; ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தும் போனேன். வருகை தவறுவது என் வழக்கமில்லை.

அவ்விரண்டு ஞாயிறும் ஒரு சிறுமி பாயில் நிலைகொள்ளவில்லை. ஆறு வயதிருக்கும். பல்லிரண்டு விழுந்த வாய். எல்லாரும் சுண்டெலி என்றே அழைத்தார்கள். கதை சூடு பிடிக்கும்போதெல்லாம் தவழ்ந்து தவழ்ந்து நாற்காலிக்கு அருகே போய்விடுவாள். இருமுறையும் நானே எழுந்து சென்று, கையைப் பிடித்து அழைத்து வந்து, பாயில் உட்கார வைத்தேன். “பாட்டி, அங்கேர்ந்து பாத்தா நரி மூஞ்சி தெரியலயே” என்றாள். நரி கதையில்தான் இருந்தது. அவள் பார்க்க விரும்பியது என் தம்பி மனைவி நரியாக முகத்தைச் சுளிப்பதை. உட்கார் என்றேன்.

மூன்றாம் ஞாயிறு, முந்தைய இரவின் மழை நின்று, வெயில் ஏறியிருந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. நான்கு மணி இருபது நிமிடம் இருக்கும். சுண்டெலி எப்போது பாயைவிட்டுப் போனாள் என்பதை நான் கவனிக்கவில்லை; கவனித்தபோது அவள் என் தம்பி மனைவியின் மடியில் இருந்தாள். பாய்க்குப் போ என்று கையால் சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்த்துப் பல் விழுந்த வாயால் சிரித்தாள். தம்பி மனைவி ‘இருக்கட்டும் அண்ணி’ என்பதுபோல் தலையசைத்தாள். விதிகளைத் தளர்த்துவது என்றுமே அவள் குணம்.

அப்போது மேலே ஒரு சத்தம் கேட்டது. பழைய அலமாரியின் கதவைத் திறப்பது போன்ற சத்தம். அடுத்த சத்தத்துக்கும் அதற்கும் இடையே ஐந்து எண்ணும் அளவுக்கு நேரம் இருந்தது. நான் எண்ணினேன். ஒரு சொல் கூவியிருக்கலாம் என்று நீங்கள் கேட்கக்கூடும். பூங்காவினுள் உரத்த குரல் எழுப்பலாகாது என்பது விதிகளில் நான்காவது, நான் எழுதியது. பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினேன்.

மற்றவை உங்கள் அறிக்கையில் சரியாகவே உள்ளன. பாயில் இருந்த எழுபத்தொன்பது குழந்தைகளுக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்பதை மட்டும் நீங்கள் அழுத்திச் சொல்லவில்லை.

ஏட்டில் கிழக்கு, துணி மேற்கில். மரமேறியும் கிழக்கு என்றார். இடையில் துணியை அவிழ்த்துக் கட்டியவர் தோட்டக்காரர் ஒருவரே என்று நீங்கள் முடிவு செய்தது, கிடைத்த தகவல்களைக் கொண்டு பார்த்தால், நேர்மையான முடிவே. அவரும் மறுக்கவில்லை. என் வாசலில் வந்து நின்று, “நாந்தான் காயப்போட்டு மாத்திக் கட்டிட்டேனோ என்னவோம்மா. எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரமாட்டேங்குது. ஒரு புள்ள செத்துப்போச்சேம்மா” என்று அழுதார். ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுத உதவினேன். தெற்கு வாயிலருகே அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் குடியிருந்த அறையைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தையும் நானே எழுத நேர்ந்தது. அதில் ஒரு பிழைகூட இல்லை.

என் தம்பி இப்போது தினமும் என் வீட்டில்தான் சாப்பிடுகிறான். தட்டைப் பார்த்தபடி இருப்பான். “நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்க்கா” என்று நேற்றும் சொன்னான். இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். அல்லிக்குளத்துப் பக்கத்தில் பதினைந்தாவது பெஞ்சு வந்துவிட்டது. எனக்கென்று வாங்கியதுதான், பலகையில் அவள் பெயர். வாசகத்தை எழுதித் தரும்படி குழு என்னைக் கேட்டுக்கொண்டது. தேர்தல் நடக்கவில்லை, நான் செயலாளராகத் தொடர்கிறேன்.

எல்லாம் இப்படி அமைந்துவிட்ட பிறகு நான் எதற்காக எழுத வேண்டும் என்று வியப்பீர்கள். ஒன்பதாம் பக்கத்துக்காக. அந்த அறிக்கையை ஏற்று, நகராட்சி துணி கட்டும் முறையையே நிறுத்தச் சொல்லியிருக்கிறது. முப்பத்தொரு ஆண்டு ஒழுங்கை ‘நம்பத்தகாதது’ என்ற ஒரு சொல்லில் தள்ளிவிட்டீர்கள். துணி சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். தோட்டக்காரர் கேட்டார், கதையக்கா கேட்டாள், எண்பது குழந்தைகள் கேட்டன. அதைவிட நம்பத்தக்க முறை உலகில் எங்கே இருக்கிறது? நான் துணியை மேற்கில் கட்டினேன். அவள் கிழக்கே போய் உட்கார்ந்து செத்தாள். முறை சரியாகவே வேலை செய்தது. ஒன்பதாம் பக்கத்தைத் திருத்தி, தோட்டக்காரரின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்.

இரண்டாவது பிழை பன்னிரண்டாம் பக்கத்தில் உள்ளது. ‘உயிரிழந்தோர்: இருவர்’ என்றிருக்கிறது. ஒருவர் என்று திருத்துங்கள். மற்றவளைப் பாயில்தான் உட்காரச் சொல்லியிருந்தேன்.