இறுப்பிட்டிப் பெட்டியின் கைரேகை

மிரோஜன் செத்து அப்போது ஐம்பத்திரண்டு மணித்தியாலம். கைப்பேசிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள்... இது எங்கள் லக்சிகாவின் மச்சாள் நிலாந்திக்கு நடந்தது.

பின்னேரம் ஐந்து மணி. கடலுக்கு நடுவால் புங்குடுதீவுக்குப் போகும் தெரு. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு வாகனம் இல்லை. மோட்டார் சைக்கிளை ஓட்டியவன் கூட வேலை செய்யும் சயந்தன். தானாகவே வருகிறேன் என்றவன். அவள் மடியில் புதுக் கணினிப் பெட்டி, சோற்றுப் பெட்டி அளவு.

தீவுகளில் இருபத்து மூன்று குடிநீர் நிலையங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் இறைக்கும் பம்பியை இயக்க இப்படி ஒரு பெட்டி. முதன்முதல் இயங்கும்போது பெட்டி தனக்கென ஒரு இரகசிய இலக்கச் சாவியை உண்டாக்கும். சாவி வெளியே வராது. அதன் கைரேகை, வேறெந்தப் பெட்டிக்கும் வராத ஓர் எழுத்து வரிசை, மட்டும் நிலாந்தியின் பட்டியலுக்கு வரும். அங்கிருந்து எல்லா இயந்திரங்களுக்கும் போகும். ரேகை பொருந்தாத பெட்டியோடு எந்த இயந்திரமும் பேசாது. அந்த விதியை எழுதியவளே நிலாந்திதான்.

இறுப்பிட்டி நிலையத்தில், அவர்களோடு வேலை செய்த மிரோஜன் வழுக்கி விழுந்து மண்டை உடைந்தது என்றார்கள். பெட்டியும் நொறுங்கிப் போனது. துண்டுகளை நிலாந்தியே கூட்டி அள்ளினாள். ஒன்றில் தலைமயிர் ஒட்டியிருந்தது. புதியது வரும்வரை பழைய ரேகையை வைத்திருந்திருக்க வேண்டும். அழுத அழுகையில் அன்றைக்கே பட்டியலிலிருந்து அழித்துவிட்டாள்.

நிலையத்துக்குள் குளோரின் மணம். அதற்கடியில் வேறொரு மணம். சயந்தன் பம்பிக்கு அப்பால், பம்பியை நிறுத்தும் ஆளிக்குப் பக்கத்தில், பழைய பெட்டி இருந்த இடத்தில் புதியதைப் பூட்டினான். நிலாந்தி இந்தப் பக்கம் மடிக்கணினியைத் திறந்தாள்.

வந்தது பழைய ரேகை. நொறுங்கிய பெட்டியினுடையது... எழுத்துக்கு எழுத்து.

சயந்தன் பெட்டியை முழுக்க அழித்துத் திரும்ப இயக்கினான். அதே ரேகை.

“சயந்தன் அண்ணை, இது மிரோஜன் வச்ச பெட்டி.”

“விசர்க்கதை கதையாதையும். கழட்டித் தாறன்.”

கையை நீட்டினான். க்ளிக். ஒருவரும் சொல்லாமலே பம்பி ஓடத் தொடங்கியது. பம்பியின் பெல்ட் அவன் சட்டைக் கையைப் பிடித்தது. முதலில் துணி கிழிந்தது... பிறகு பச்சை முருங்கைக்காய் முறிகிற சத்தம்.

நிப்பாட்டச் சொல்லிக் கத்தினான். ஆளியை எட்ட பெல்ட்டைத் தாண்ட வேண்டும். ஏலாது. அவள் நிறுத்து என்று கட்டளை அனுப்பினாள்.

ரேகை பொருந்தவில்லை.

பழைய ரேகையைப் பட்டியலில் திரும்ப எழுதி அனுப்பினாள். பெட்டி இப்போது புதிய ரேகையைக் காட்டியது. இரண்டையும் எழுதினாள். மூன்றாவது ஒன்று வந்தது. திரையில் துளித்துளியாக இரத்தம். துடைத்துத் துடைத்து எழுதினாள். முழங்கை போய்விட்டது. தோளுக்கு ஒரு சாண்.

சயந்தன் அவளைப் பார்த்துக் கத்துவதை விட்டான். முகத்தைப் பெட்டியின் பக்கம் திருப்பினான். குரல் நன்றாகத் தணிந்துவிட்டது.

“விடடா மிரோஜன்... நீ விழேல்லை. பைப்பால அடிச்சது நான்தான்.”