தடுப்புக் கம்பத்தைத் தூக்கியது நான்தான்

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியிருப்பது சரி. வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதற்கு நான் சொல்வதாவது:

வேனை ஓட்டி வந்தவர் என் அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி. அவர் சாவடிக் காவலாளியை மிரட்டித் தடுப்புக் கம்பத்தைத் திறந்ததாகப் புகாரில் இருக்கிறது. ஐயா அதை வாசித்துக் காட்டினார். அது பொய்.

விடுமுறைக்கு மலைமேல் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். நான் போன நாளிலிருந்தே காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தது. சம்பவத்தன்று காலை ஊரைக் காலி செய்யும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதன் பிறகு சித்தி அக்கம்பக்கத்தாரைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கைக்குழந்தையோடு ஓர் அக்காவும், உளிப்பெட்டியை மடியிலிருந்து இறக்காத தச்சர் ஒருவரும் அதில் இருந்தார்கள். வழியில் குரங்குகள் சாலை நடுவே உட்கார்ந்திருந்தன. அவை எங்களிடம் தின்ன எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு மேல்சாவடிக்கு வந்தோம். அங்கிருந்து கீழ்ச்சாவடி வரை ஒரு வண்டி போகும் அகலம்தான். ஆகவே கீழ்ச்சாவடியிலிருந்து, பாதை காலி என்று போன் வந்தால்தான் மேலே கம்பத்தைத் தூக்குவார்கள். காவலாளி போன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"போன் வரட்டும்மா. ரூல்னா ரூல்தான்" என்றார்.

"அண்ணே, கொஞ்சம் திரும்பிப் பாருங்க. அது ரூல் கேட்டுட்டா வருது?" என்றார் சித்தி.

பின்னால் இருந்த வளைவில் மரங்கள் பற்றிக்கொண்டிருந்தன. குழந்தை அழுவதை நிறுத்தி இருமத் தொடங்கியது. செல்போன் யாருக்கும் எடுக்கவில்லை. அதன் பிறகு நான் இறங்கிப் போய், "மாமா, நீங்களே போன் பண்ணிக் கேளுங்களேன்" என்றேன்.

"நாம பண்ற வழக்கம் இல்ல பாப்பா. அவங்கதான் பண்ணுவாங்க."

ரிசீவரை நானே எடுத்துக் காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. அவரிடம் கொடுத்தேன். அவர் முதலில் ஒரு காதிலும் பிறகு மறு காதிலும் வைத்துப் பார்த்துவிட்டு, துடைத்து, வைத்த இடத்திலேயே வைத்தார்.

"லைன் வந்துடும். தொறந்துவிட்டா என் வேலை போயிடும்."

"வேலைக்குப் போக ஆள் வேணுமேய்யா!" என்று வேனுக்குள்ளிருந்து தச்சர் கத்தினார்.

சித்தி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "கம்பத்துல கை வெச்சா என் லைசென்ஸ் போயிடும்டி. வந்து உட்காரு" என்று என்னைக் கூப்பிட்டார். நான் உட்காரவில்லை. கம்பத்தைக் கீழே இழுத்துக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்த்தேன். கம்பத்தின் மறுமுனையில் கல் கட்டியிருந்ததால் அது தானே மேலே போனது.

"அடிப்பாவி!" என்றார் சித்தி. அதன் பிறகே வண்டியை எடுத்தார். சித்தி யாரையும் மிரட்டவில்லை. புகார் கொடுத்திருக்கும் காவலாளி மாமாவும் அதே வேனில்தான், என் இருக்கையில்தான், கீழே வந்தார். நான் நின்றுகொண்டு வந்தேன்.

வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கினோம். கீழ்ச்சாவடியில் ஆள் இல்லை. போன் கம்பம் கரிந்து, கம்பி சாலையில் கிடந்தது. அதை எல்லோரும் பார்த்தோம். மாமா மட்டும் வேறு பக்கம் பார்த்தார்.

எதிரே தீயணைப்பு வண்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஐயா கேட்டார். தெரியாது என்றேன். மேலேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியும். மேல்சாவடி எரிந்து கிடக்கும் போட்டோவை ஐயாதான் காட்டினார். ஸ்டூலின் இரும்புக் கால்கள் மட்டும் இருந்தன.

வாயைத் திறக்காதே என்று வெளியே பெஞ்சில் இருக்கும் சித்தி சொல்லியிருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் பேச்சைக் கேட்கப்போவதில்லை. கம்பத்தைத் தூக்கியது நான். லைசென்சை ரத்து செய்வதென்றால், என்னிடம் சைக்கிள்தான் இருக்கிறது.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். 'பயத்தில், என்ன செய்கிறோம் என்று தெரியாமல்' முடிச்சை அவிழ்த்ததாக ஓர் இடத்தில் இருந்தது. என் நன்மைக்காக அப்படி எழுதியதாக ஐயா சொன்னார். நான் அப்படிச் சொல்லவில்லை. அந்த வார்த்தைகளை அடித்துவிட்டு 'தெரிந்தே' என்று எழுதச் சொன்னேன். ஐயா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அவ சொன்னபடியே எழுதுங்க" என்றார். அடித்த இடத்திலும் கீழேயும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் கண்டதும் செய்ததும்தான்.

(கையெழுத்து)