இடப்பக்கத் தூண்

கதவைச் சாத்துங்கள்... பனி நிற்கும்வரை இந்த டிப்போவை விட்டு எந்த டிரைவரும் நகரப்போவதில்லை. கேளுங்கள். இது நம்மோடு பஸ் ஓட்டுகிற டெல்ஃபீனுடைய தம்பிக்கு நடந்தது.

இரவு பத்தே முக்கால். ஏரிக்கரைச் சாலை. கடைசி நடை. ஈரப்பனி... வைப்பரின் டக், டக். பஸ்ஸை ஓட்டியவன் அந்தத் தம்பி இர்வின். பின்னால் ஒரே ஒரு பயணி, ஆஸ்பத்திரி ஆயா பெட்டினா.

சர்ச் முனையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். பஸ்ஸின் முன்கண்ணாடியைத் தாங்கும் இடப்பக்கத் தூண் ஒரு முழு ஆளையே மறைத்துவிடும். அதனால்தான் திரும்புமுன் இருக்கையில் முன்னும் பின்னும் இரண்டு தடவை சாய்ந்து பார் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள். உங்களில் யார் கேட்கிறீர்கள்? அவனும் கேட்கவில்லை. போன நவம்பரில், அதே முனையில், நாலு நிமிடம் தாமதமென்று பார்க்காமலே திருப்பினான். ரோசலி என்றொரு துப்புரவுக்காரி... அடிபட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

“ரெண்டு தடவ சாஞ்சு பாத்தேன் சார், யாருமே இல்ல. அந்தம்மாதான் குறுக்க ஓடி வந்துச்சு” என்று விசாரணையில் சாதித்தான், பாவி. வேலை தப்பியது. பழி செத்தவள் தலையில் விழுந்தது.

அதற்குப் பிறகு அந்தத் தடத்தில் அவனுக்கு அன்றுதான் முதல் ராத்திரி வேலை. பச்சை விழுந்தது. இந்தத் தடவை ஒழுங்காக முன்னால் சாய்ந்தான்... வெள்ளை வரிகளின் நடுவே ஒருத்தி. சாம்பல் நிற ஜாக்கெட். பின்னால் சாய்ந்தான். தூண் மறைத்துக்கொண்டது. காத்திருந்தான். சிவப்பு. மறுபடி பச்சை. அவள் நகரவில்லை.

“என்னப்பா, தூங்கிட்டியா?” பெட்டினா கத்தினாள்.

“அந்தம்மா போகட்டும்க்கா.”

“எந்தம்மா? ரோட்டுல ஈ காக்கா இல்ல! கதவத் தொற, நான் நடந்தே போயிக்கிறேன்.”

இறங்கி, அந்த வரிகள் மேலேயே நடந்து போய்விட்டாள். பஸ்ஸுக்குள் பிளீச்சிங் பவுடர் வாசனை... இர்வின் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தான்.

“அன்னைக்கு நான் பாக்கவே இல்லம்மா. நீ ஓடி வரல. பொய் சொல்லிட்டேன். நாளைக்கே போயி ஒத்துக்கிறேன்... விட்டுரு.”

வைப்பர் நின்றது.

முன்னால் சாய்ந்தான். அவளும் தலையைச் சாய்த்தாள். பின்னால் சாய்ந்தான். அவள் மறுபக்கம் எட்டிப் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பவள் போல... இரண்டே தடவை.

யாரும் தென்படவில்லை போலிருக்கிறது. நேரே அவனை நோக்கி வந்தாள்.