பின்பக்கம் பார்க்காதவர்கள் படிக்கும் மடல்

வீட்டுமனை உரிமை அலுவலகத்தின் ஆவண அறையை முப்பத்து நான்கு ஆண்டுகள் அயராது ஆண்ட அன்புக்குரிய அக்கா அவர்களே! கேட்ட கோப்பைக் கேட்ட கணத்தில் கொணர்ந்து, கேளாத குறையையும் குறித்துக் கொடுத்த கருவூலமே! தூசிக்கும் தும்மலுக்கும் துவளாத தூயவரே! தங்கள் பணிநிறைவு நாளில், ஆளுக்கொரு வீட்டில், ஆளுக்கொரு திரைமுன் அமர்ந்து, அலுவலர் ஐயா அவர்களும் கேட்டிருக்க, உடன் பணியாற்றிய நால்வர் வணங்கிப் படிக்கும் மடல் இது.

தங்கள் திறத்தை எங்கே தொடங்கி எங்கே முடிக்க! அலமாரி எண்ணைப் பாராமலே அடுக்கில் போய் நிற்கும் தங்கள் கை. கோப்பின் கட்டைப் பார்த்தே கட்டியவரைச் சொல்லிவிடுவீர்கள். "இது தட்டச்சர் தம்பி போட்ட முடிச்சு. அவிழ்க்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்" என்று ஒருமுறை தாங்கள் சொல்ல, அறையே சிரித்தது. அந்தத் தட்டச்சனாகிய நான்தான் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்று சிரிப்பு வரவில்லை, அக்கா.

காகிதமில்லா அலுவலகம் என்று ஆணை வந்தபோது நாம் ஏற்கெனவே வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். ஒப்பந்தக்காரர் தம் கிடங்கில் கோப்புகளை ஸ்கேன் செய்வார். நாம் ஒவ்வொன்றையும் திரையில் திறந்து பார்த்து, ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திய கோப்பின் காகிதம் கூழ் ஆலைக்குப் போய்விடும். நம் அலுவலக வழக்கமோ வேறு. முன்பக்கம் நிறைந்தால் புதுத் தாள் எடுக்க மாட்டோம்; அதே தாளைத் திருப்பி, இறுதி உத்தரவைப் பின்பக்கத்தில் எழுதுவோம். சிக்கனத்தில் நம்மை மிஞ்ச ஆளில்லை! இது ஒப்பந்தக்காரருக்குத் தெரியாது. முன்பக்கத்தை மட்டுமே எடுத்தார்.

மூன்றாம் நாளே அதைக் கண்டுபிடித்தவர் தாங்கள். எங்கள் நால்வருக்கும் தனித்தனியே போன் செய்தீர்கள். "பின்பக்கம் வரவே இல்லைப்பா. திறந்து பாத்துட்டு அழுத்துங்க. இல்லாததை மறுபடி எடுக்கச் சொல்லலாம்" என்றீர்கள். "சரிக்கா, பாத்துக்கறோம்" என்று நாங்களும் சொன்னோம். சொல்வதற்கென்ன!

அந்த வாரம் தங்கள் கணவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. இரண்டு நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டியிருந்ததால், நம்பிக்கையோடு என்னிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து, "என் பங்குல எழுநூறு இருக்கு தம்பி. பின்பக்கம் இல்லாததை ஒதுக்கி வைங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலைன்னா பரவால்ல, நான் வந்து பேசிக்கறேன்" என்றீர்கள். எழுநூறை நால்வரும் பங்கு பிரித்துக்கொண்டோம். ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை. என் பங்கை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, அடுப்பில் பால் பொங்கிவிடுமோ என்று ஒரு கண்ணை அங்கே வைத்துக்கொண்டு, ஒரே அழுத்தாக அழுத்தினேன். பால் பொங்கவில்லை. மற்ற மூவரும் அப்படித்தான் அழுத்தியதாகப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். பட்டியல் முழுக்கப் பச்சையானது. அலுவலர் ஐயா பாராட்டினார். லாரி வந்து காகிதத்தை அள்ளிப் போனது.

எட்டு மாதம் கழித்து, இருபது ஆண்டாகக் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு தையற்காரருக்கு அறிவிப்பு போனது. அவர் கோப்பின் முன்பக்கத்தில் ‘விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ என்று இருந்தது. நேரில் பார்வையிட்டு, நிராகரிப்பை நீக்கி, மனையை அவருக்கே வழங்கிய உத்தரவு பின்பக்கத்தில் இருந்தது. அவரிடமிருந்த நகல் என்றோ மழையில் ஊறிப் போயிருந்தது. அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும் என்று நம்பியிருந்தார், பாவம். திரைவழி நடந்த விசாரணையில் தாங்கள் மட்டும் முன்வந்து, "பின்பக்கத்துல ஆறு வரி இருந்தது, நான் படிச்சிருக்கேன்" என்று வரி மாறாமல் சொன்னீர்கள். ஞாபகம் ஆவணம் ஆகாது என்றார்கள். பிறகு, சரிபார்த்தது யார் என்று கணினியைக் கேட்டார்கள். அது தங்கள் பெயரைச் சொன்னது.

எங்களைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. ஆனால் தாங்களோ, "பாஸ்வேர்டு என்னோடது. பொறுப்பும் என்னோடதுதான்" என்று சொல்லி முடித்துக்கொண்டீர்கள். முப்பத்து நான்கு ஆண்டுப் பணிப்பதிவேட்டின் கடைசி வரியில் ‘கவனக்குறைவு’ என்று ஏறியது. நாங்கள் நால்வரும் அவரவர் வீட்டில் மைக்கை அணைத்துவிட்டு வாயில் கொழுக்கட்டை வைத்தாற்போல உட்கார்ந்திருந்தோம். எங்களை நினைத்தால் எங்களுக்கே அருவருப்பாக இருக்கிறது.

அலுவலர் ஐயா அவர்களே, இப்பகுதியைத் தாங்கள் இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறீர்கள். முன்கூட்டிக் காட்டியிருந்தால் நீக்கியிருப்பீர்கள். இதையே வாக்குமூலமாக எழுதி, நால்வரும் கையொப்பமிட்டு, இன்று காலையில் விசாரணைக் குழுவுக்கு அனுப்பிவிட்டோம். அக்காவின் பதிவேட்டில் உள்ள அந்த வரி எங்கள் பதிவேடுகளுக்கு வரட்டும்.

அந்த வாக்குமூலத்தின் நகலோடு தையற்காரரைத் தேடிப் போனேன். வீட்டை இழந்து, தம் தம்பியின் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தையல் இயந்திரத்தைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். முழுவதும் படித்தார். "சரிங்க, தப்பை ஒத்துக்கிட்டீங்க. அந்தப் பக்கம் திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்காது என்றேன். தாளை என்னிடமே நீட்டிவிட்டுத் தையலைத் தொடர்ந்தார்.

அக்கா, நீடு வாழ்க என்று வாழ்த்தி முடிப்பது மரபு. அப்படி வாழ்த்தும் தகுதி எங்களுக்கு இல்லை. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறோம். தாங்கள் நோயின்றி, நினைவு மங்காமல், நூறாண்டு வாழ வேண்டும். அந்த எழுநூறு கோப்புகளின் பின்பக்கம் இந்த உலகில் இப்போது தங்களிடம் மட்டுமே இருக்கிறது.

தலைகுனிந்து,
திறவாமல் அழுத்திய நால்வர்